மர்சூக் முதலாளி கடையில் என் பி.ஏ.

சங்கிலிமலைத் தோட்டம், மேற்கணக்கு,
நோர்வூட்.
18.6.1961, ஞாயிறு.

மரியாதைக்குரிய மர்சூக் முதலாளி அவர்கள் சமுகத்துக்கு,

ஒன்பதாம் லயம், நாலாம் காம்பரா, மூக்கன் மகன் செல்லசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும், தங்கள் வீட்டில் கமறியா ராத்தாவும், தங்கள் மச்சான் அன்ஸார் நானாவும், கடையும், கடைக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருக்கும் புது அறையும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் இருக்கிறோம். நலமாக இருக்கிறோம் என்று எழுதுவதுதான் வழக்கம். ஆனால் தங்களுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் கொடுக்க வேண்டியவன் நலமாக இருப்பதாக எழுதினால் அது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

விஷயம் சின்னது. வருகிற வியாழக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும், தங்கள் கடையில் பிஸ்கட் டின்களுக்கும் கருவாட்டுச் சாக்குக்கும் நடுவே கண்ணாடி போட்டுத் தொங்குகிற என்னுடைய பி.ஏ. பட்டச் சான்றிதழை எனக்கு இரவலாகத் தர வேண்டும். உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வேண்டுமாம். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. அசல் சான்றிதழ் இல்லாதவர்கள் வந்து தம் நேரத்தையும் தோட்டத்துத் துரையின் நேரத்தையும் வீணாக்க வேண்டாம் என்று கடைசி வரியில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் எழுதவில்லை. இரண்டு அறை உள்ள வீடு தருவோம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை நாலு தரம் வாசித்தேன். ஏனென்றால் அப்பாவுக்கு அறுபது வயது ஆகிவிட்டது என்று எங்கள் தோட்டத்து ஆபீஸ் சென்ற மாதம் முடிவு செய்துவிட்டது. அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. இந்த மாதக் கடைசியோடு, வேலையாட்களின் பெயர்ப் பதிவான செக்ரோலிலிருந்து அவர் பெயரை வெட்டுகிறார்கள். அம்மாவின் பெயர் முழங்கால் வீங்கிய வருஷமே போய்விட்டது. செக்ரோலில் பெயர் உள்ள ஒருவராவது இல்லாத குடும்பத்துக்குத் தோட்டத்தில் குடியிருக்கக் காம்பரா கிடையாது. ஆகவே இந்த மாதம் முடிவதற்குள் எனக்கு ஒரு வேலையும் அந்த வேலையோடு ஒரு கூரையும் கிடைக்க வேண்டும். இதுவரை எனக்குக் கிடைத்திருப்பது ஒரு பட்டம். அது தங்கள் சுவரில் இருக்கிறது.

அது அங்கே எப்படிப் போனது என்று தங்களுக்குத் தெரியும். தெரிந்ததையே எழுதுவதற்கு மன்னிக்கவும். அன்று அப்பாவுக்குத் தாங்கள் கொடுத்த வாக்கின் சொற்கள் எனக்கு இப்போது முக்கியம் என்பதால் நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பட்டமளிப்பு முடிந்து நான் வீட்டுக்கு வந்த மறுநாள், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது, அப்பா அந்தச் சான்றிதழை எட்டாக மடித்துத் தலைத்துண்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நோர்வூட்டுக்கு நடந்தார். நான் எழுந்து தேடிப் பதறி ஓடி வந்து சேர்ந்தபோது தாங்கள் அதைக் கல்லாப்பெட்டியின் மேல் விரித்து வைத்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தீர்கள்.

“இத வெச்சி நான் என்ன செய்ற மூக்கன்? இது புள்ள பாஸ் பண்ணின பேப்பர். அவன்ட கையில குடு.”

“அவன்கிட்ட குடுக்கக் கூடாதுங்க மொதலாளி. எங்க அப்பன் காலத்துல இருந்து வழக்கம் அதாங்க. கடன் தீர்ற வரைக்கும் துண்டு கடன் குடுத்தவுங்ககிட்டதான் இருக்கணும்.”

“அடே, இது துண்டு இல்ல மூக்கன்.”

“கடதாசில ஆளோட பேரு எழுதி, கீழ பெரிய துரைங்க கையெழுத்துப் போட்டுருக்காங்கல்ல? அப்ப துண்டுதாங்க.”

துண்டு என்பது தங்கள் கடையின் புது ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். என் தாத்தா காலத்தில் ஒரு கங்காணியும் அவருடைய ஆட்களும் எவ்வளவு கடன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருப்பார்கள். இன்னொரு தோட்டத்துத் துரைக்கு அந்த ஆட்கள் தேவைப்பட்டால் அவர் வந்து கடனைக் கட்டித் தாளை வாங்குவார். தாளோடு ஆட்களும் அவருடையவர்கள். அந்தச் சட்டம் ஒழிந்து நாற்பது வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு யாரும் அறிவிக்கவில்லை. ஆகவே என்னை வேலைக்கு எடுக்கப்போகிற பெரிய மனிதர் காரில் நோர்வூட்டுக்கு வருவார், கடை எங்கே என்று விசாரிப்பார், ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாயை எண்ணி வைப்பார், தாளை வாங்குவார், பிறகு லயத்துக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவார் என்று அவர் திட்டமாக நம்பினார். பொருளியலில் நான் மூன்று வருஷம் படித்த எந்தக் கோட்பாட்டையும் விட அது தெளிவாக இருந்தது.

தாங்கள் மறுத்தீர்கள். அப்பா தங்கள் முன்னால் கைகட்டி நின்றார். “ஆள எடுக்குறவுங்க வந்து கேட்டா மட்டும் குடுங்க. இவன் வந்து கேட்டா குடுக்காதீங்க. துண்டக் கையில வச்சிருக்கவன் கடன மறந்துட்டு ஓடிப்போயிருவான்னு நாலு பேரு பேசக் கூடாதுங்க,” என்றார். கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். கருவாடு நிறுத்துக்கொண்டிருந்த அன்ஸார் நானா தராசை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். தாங்கள் தாளை எடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, “சரி மூக்கன். அவன்ட கையில குடுக்க மாட்டன்,” என்றீர்கள். தாங்கள் கொடுத்த வாக்கை மாற்றியதில்லை என்று அட்டனிலிருந்து பொகவந்தலாவை வரை சொல்வார்கள். அந்த நல்ல பெயரால் மலைநாட்டில் இதுவரை நஷ்டப்பட்டிருப்பவன் நான் ஒருவன்தான்.

தங்கள் மேல் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை. படிப்புக்கான உபகாரச் சம்பளம் பிரஜைகளுக்கு மட்டும் என்றார்கள். அது கிடைக்காதபோது விடுதிப் பணம் கொடுத்தவர் தாங்கள். புத்தகத்துக்கும் கம்பளிக் கோட்டுக்கும் கொடுத்தவரும் தாங்களே. வட்டி என்று ஒரு சதம் எழுதியதில்லை. தாளை எலி கடிக்காமல் கண்ணாடி போட்டதும் தங்கள் செலவு. அப்பாவின் திட்டம் நிறைவேறத் தாங்கள் பட்ட பாட்டையும் நான் அறிவேன். சென்ற ஒக்டோபரில் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர் கடைக்குள் வந்து சுவரைப் பார்த்ததும், வேலை கொடுக்கிற மனிதர் வந்துவிட்டார் என்று நினைத்து, தாங்கள் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்து, “நல்ல புள்ள, குடி இல்ல, ஒரு கெட்ட பழக்கம் இல்ல, கடன் மட்டும் கொஞ்சம் இரிக்கி,” என்று அரைமணி நேரம் என்னைப் பற்றிச் சொன்னதையும், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம் பையைத் திறந்ததையும், அவர் காப்புறுதிக் கம்பெனி முகவர் என்பது தெரிவதற்குள் தாங்கள் இருபது வருஷப் பொலிசி ஒன்றில் கையெழுத்துப் போட்டுவிட்டதையும் அன்ஸார் நானா எனக்குச் சொன்னார். அந்தப் பணத்தைத் தாங்கள் என் பற்றுக் கணக்கில் எழுதவில்லை. எழுதியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வெட்கம் குறைந்திருக்கும்.

இந்தப் பதினாலு மாதமாக நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் தங்களுக்கு எழுத வேண்டும். முதலில் ஒரு திணைக்களத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதர். என்னை உட்காரச் சொன்னார். சான்றிதழ் எங்கே என்றார். கடையில் இருக்கிறது என்றேன். எந்தக் கடை என்றார். சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அது பரவாயில்லை, பிறகு கொண்டு வரலாம் என்று சொல்லி, “புரவெசி சகதிகய கோ?” என்று சிங்களத்தில் கேட்டார். பிரஜாவுரிமைப் பத்திரம் எங்கே என்று அர்த்தம். அது எந்தக் கடையிலும் இல்லை. அப்பா இந்த மலையில் பிறந்தவர்; தாத்தா வந்த வருஷம் அம்மாவின் பெரியம்மாவுக்குத் தெரியும்; அந்தக் கிழவி இறந்துவிட்டாள் என்று விளக்கினேன். அவர் மிகவும் வருந்தினார். “மாத்தயா, நீங்கள் எந்த நாட்டுக்காரர் என்று முதலில் யாராவது சொல்லட்டும், பிறகு வாருங்கள்,” என்றார். அதையேதான் நானும் பன்னிரண்டு வருஷமாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். வெளியே எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றதால் எழுந்து வந்துவிட்டேன்.

பிறகு கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனி. அங்கே பிரஜாவுரிமை கேட்கவில்லை. பி.ஏ.க்காரன் கிளாக்கர் வேலையில் நிலைக்க மாட்டான், ஆறு மாதத்தில் பெரிய இடத்துக்குப் போய்விடுவான் என்றார் மேலாளர். எந்தப் பெரிய இடம் என்று அவரிடம் விசாரித்தேன். விசாரித்த முறை அவருக்குப் பிடிக்கவில்லை. திரும்பி வருகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்த காசும் தங்களுடையதுதான், பற்றில் பார்த்துக்கொள்ளவும். இதற்கிடையில் லயத்தில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. பி.ஏ. என்றால் மாட்டு வைத்தியருக்கு ஒரு படி மேலே என்று மீனம்மா அக்கா முடிவு செய்திருக்கிறார். சென்ற வாரம் வயிறு ஊதிய ஆட்டை இழுத்துக்கொண்டு வந்து வாசலில் கட்டிவிட்டு, “ஏந்தம்பி, இம்புட்டுப் படிச்சிருக்க, இதுக்கு என்னான்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?” என்றார். எனக்குத் தெரியாது அக்கா என்றேன். ஆட்டை அவிழ்த்துக்கொண்டே, “அப்பறம் எதுக்குத்தான் அந்த மூக்கன் மழையில கெடந்து தேயிலச் செடி கவ்வாத்து வெட்டிப் படிக்க வச்சானோ,” என்று சொல்லிக்கொண்டு போனார். ஆடு பிழைத்துக்கொண்டது.

நல்லதண்ணிக்கும் போனேன். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் முழுதும் ஒரு தேநீர்க் கடையில் கோப்பை கழுவினேன், தட்டு ஏந்தினேன். மலை இறங்கி வருகிறவர்களுக்குக் கால் நடுங்கும். கோப்பையைக் கையில் வைத்துப் பிடிக்கும்வரை நாமும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். மார்ச் மாதம் ஒரு காலையில் நான் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்த கோப்பையின் மறுபக்கம் என்னுடைய பேராசிரியர் இருந்தார். கம்பளித் தொப்பி போட்டிருந்ததால் எனக்கு அடையாளம் தெரியச் சற்றுப் பிந்திவிட்டது. இல்லாவிட்டால் உள்ளே ஓடியிருப்பேன்.

“செல்லசாமி அல்லவா? நீர் இங்கே என்ன செய்கிறீர்?”

“கள ஆய்வு, சார்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“எதைப் பற்றி?”

“பருவகால வேலையின்மையைப் பற்றி.”

“அருமை! உள்ளேயே இருந்து பார்க்கிறீர். அதுதான் சரியான முறை. ஆனால் கடினமானது.”

“ஆமாம் சார். கடினமாகத்தான் இருக்கிறது.”

“முடிந்ததும் அறிக்கையை எனக்கு அனுப்பும்,” என்று சொல்லி என் தோளைத் தட்டிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்கப் போனார். தேநீருக்குக் காசு வாங்க மறந்துவிட்டேன். கடைக்காரர் அதை என் கூலியில் கழித்தார். வெசாக் பண்டிகை முடிந்ததும் கடைக் கூடாரத்தைப் பிரித்தார்கள், வீட்டுக்கு வந்தேன். அறிக்கை இன்னும் எழுதவில்லை. ஆய்வு முடியவில்லை.

முதலாளி அவர்களே, வாக்கை மீறும்படி தங்களைக் கேட்க மாட்டேன். அதற்கு அவசியமும் இல்லை. என் கையில் கொடுக்க மாட்டேன் என்றுதான் தாங்கள் சொன்னீர்கள். அன்ஸார் நானாவின் கையில் கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. வியாழக்கிழமை காலைப் பஸ்ஸில் அன்ஸார் நானா கண்ணாடிச் சட்டத்தோடு ஏறட்டும். நானும் அதே பஸ்ஸில் ஏறுகிறேன். பக்கத்தில் உட்காரக் கூடாது என்றால் பின் இருக்கையில் இருக்கிறேன். உடப்புசல்லாவையில் துரையின் மேசை வரைக்கும் அவரே தூக்கிக்கொண்டு வரட்டும், துரை பார்க்கட்டும், அவரே திருப்பிக் கொண்டு வந்து ஆணியில் மாட்டட்டும். ஆளை எடுக்கிறவர் கேட்டால் கொடுக்கலாம் என்பது அப்பாவே வைத்த நிபந்தனை. துரை கடனைக் கட்டுவாரா என்று அப்பா கேட்டார். விசாரிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் கூலியையும் அன்ஸார் நானாவின் பகல் சாப்பாட்டையும் என் பற்றில் எழுதிக்கொள்ளவும்.

அம்மா தங்களையும் ராத்தாவையும் கேட்டதாக எழுதச் சொன்னார். முழங்காலுக்குத் தாங்கள் அனுப்பிய தைலம் வாசனையாக இருக்கிறதாம். வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்பா இந்தக் கடிதம் எதைப் பற்றி என்று கேட்டார். விசாரிப்புக் கடிதம் என்றேன். அப்படியானால் தன் சலாமையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார், சேர்த்துக்கொண்டேன். கடைக்கும் வீட்டுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவன் குறைவில்லாமல் கொடுக்கட்டும். புது அறைக்குத் தகரம் ஏற்றுகிற அன்று சொல்லி அனுப்புங்கள். ஆள் கணக்கில் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம், படித்தவன் என்று தயங்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் கடனும் மறவாத,
மூ. செல்லசாமி, பி.ஏ.

பி.கு. (20.6.1961, செவ்வாய்): நேற்றுத் தபால்காரர் மேற்கணக்குக்கு வராததால் கடிதம் என்னிடமே இருக்கிறது. வேறு தாள் இல்லாததால் இதிலேயே தொடர்கிறேன். மேலே எழுதிய எல்லாவற்றையும் தயவுசெய்து தள்ளிவிடவும்.

நேற்று மாலை ஆபீசிலிருந்து ஆள் வந்தது. எங்கள் தோட்டத்துக்கு வந்திருக்கும் புதுத் துரை மாதக் கடைசி வரை பொறுக்கப்போவதில்லை. இன்று செவ்வாய்க்கிழமை, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டோடு செக்ரோலை மூடுகிறார். அதற்குள் எங்கள் காம்பராவிலிருந்து ஒருவர் பெயர் பதியாவிட்டால் சனிக்கிழமை சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். வியாழக்கிழமை உடப்புசல்லாவையில் வேலை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், முப்பத்தொரு பேரைக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்வி. இந்த நிலையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் ஒரு வரைபடம் உண்டு. அதில் அம்மாவின் முழங்கால் இல்லை.

இன்று காலை பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது கணக்கப்பிள்ளை கந்தப்பன் ஐயா தலையை நிமிர்த்தாமலே மெதுவாகப் பேசினார். “தம்பி, இந்தத் துரைக்குப் படிச்சவன்னா ஆகாது. கொடி புடிப்பான், சங்கம் வைப்பான்னு பேரப் பதிய மாட்டாரு. எழுதப் படிக்கத் தெரியாதுன்னு போட்டுர்றேன். ரேகைய வச்சிட்டுப் பேசாமப் போ. நான் ஒன்ன முன்னப்பின்னப் பாத்ததில்ல.” என் பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

நான் மையில் வலது கை விரலை வைத்தேன். “எடது கைடா! அதுகூடவாடா தெரியாது?” என்று அவர் அதட்டினார். பக்கத்தில் நின்ற துரை திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, இவன் உண்மையிலேயே ஒன்றும் தெரியாதவன்தான் என்று திருப்திப்பட்டிருக்க வேண்டும், தலையசைத்தார். வரிசையில் நின்ற அறுபது பேரும் பட்டமளிப்புக்குப் போன அன்று எனக்கு மாலை போட்டவர்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. மீனம்மா அக்காகூட. சிரித்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். நாளையிலிருந்து புல்லுவெட்டு. முதல் வாரத்தில் ஒரு நாள் வராவிட்டாலும் பெயர் போய்விடும் என்பதால் வியாழக்கிழமை எங்கேயும் போக முடியாது. அன்ஸார் நானாவிடம் சொல்லிவிடுங்கள். அப்பா லயத்தில் வீடு வீடாகப் போய் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சீனி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்.

ஒரு காரியம் மட்டும் தாங்கள் செய்ய வேண்டும். துரையின் பங்களாச் சமையல்காரர் தங்கள் கடைக்குத்தான் சாமான் வாங்க வருகிறார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். இது கையில் கிடைத்த உடனே கண்ணாடிச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கி, எழுத்துத் தெரியாதபடி எதையாவது சுற்றி உள்ளே வைத்துவிடவும். யார் கேட்டாலும், நான் கேட்டாலும், கொடுக்க வேண்டாம். கடனைப் பற்றிக் கவலை வேண்டாம்; சம்பள நாளில் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடவும். பதில் எழுத வேண்டாம். எழுதினால் அதை வாசித்துக் காட்டச் சொல்லி நான் கந்தப்பன் ஐயாவிடம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.